ஆளை நம்பலாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

இரண்டு முறை நம்பி ஏமாந்துவிட்டதாகவும், இப்போது மூன்றாவதாக ஒருவர் கூட்டாகத் தொழில் செய்யலாம் என்று அழைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒருவரின் உண்மையான குணத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா, கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் அது வரவில்லை என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இவர் எப்படிப்பட்டவர் என்பது ஒன்று. இவரிடம் என் பணத்தையும் உழைப்பையும் ஒப்படைக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது, முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவரைப் பற்றிக் கேட்டாலும். இரண்டாவதற்கு ஓரளவு தெளிவாகவே பதில் உண்டு. உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான்.

நான் இருபத்திரண்டு வருடமாக உள்தணிக்கை வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கும் மேல் கையாடல் விசாரணை. யாரை எல்லாரும் நம்பினார்களோ அவர்மீது புகார் வந்த பிறகு, போய்க் கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவர் அல்ல. நான் சந்தித்ததெல்லாம் மாட்டிக்கொண்டவர்களை. மாட்டாமல் போனவர்களையும், எந்தத் தப்பும் செய்யாமல் ஓய்வு பெற்றுப் போன ஆயிரக்கணக்கானவர்களையும் என் கோப்புகளில் பார்க்க முடியாது. ஆகவே என் அனுபவத்தை மட்டும் நம்பி நான் பேசினால் உலகமே திருட்டுக் கூட்டம் என்று தோன்றிவிடும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. முகத்தையும் கண்ணையும் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே வராது. பொய்யையும் உண்மையையும் பேச்சை வைத்துப் பிரித்தறியச் சொல்லி நடந்த ஏராளமான சோதனைகளை 2006ல் பாண்ட், டிபாவ்லோ என்ற இருவர் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 24,000 பேருக்கும் மேல். சராசரியாகச் சரியாகச் சொன்னது 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். 'எனக்கு நிச்சயமாகத் தெரியும்' என்று அடித்துச் சொன்னவர்களும், தயங்கித் தயங்கிச் சொன்னவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தப்புச் செய்தார்கள். அதே 2006ல் 58 நாடுகளில் 'பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்' என்று கேட்ட ஓர் ஆய்வில், 'கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்' என்பதே அதிகம் பேர் சொன்ன பதில். அளந்து பார்த்தவர்களோ, பார்வைக்கும் பொய்க்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை என்கிறார்கள். உலகம் முழுக்க ஒரே மாதிரி நம்புகிறார்கள், ஒரே மாதிரி தப்பாக நம்புகிறார்கள்.

இன்னொன்றும் அதே வருடம். வில்லிஸ், டொடொரோவ் என்ற இருவர், முன்பின் தெரியாத முகங்களின் படத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா என்று கேட்டார்கள். அந்தக் கணத்துக்குள் வந்த முடிவும், நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தவர்கள் சொன்ன முடிவும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தால் முடிவு அதிகம் மாறவில்லை. முடிவின் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. நாம் 'பழகிப் பார்த்தேன், நல்ல மனுஷன்' என்று சொல்வதில் பாதி இந்தக் கதைதான். கண் இமைக்கும் நேரத்தில் தீர்ப்பை எழுதிவிட்டு, மிச்ச நாளெல்லாம் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு கிடங்கில் சரக்கு குறைகிறது என்று அனுப்பினார்கள். ஸ்டோர் கீப்பர் என்னைப் பார்த்ததுமே வியர்த்தார். கேள்வி கேட்டால் பதில் கோர்வையாக வராது. ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டும்போது விரல் நடுங்கி, இரண்டு மூன்று பக்கம் சேர்ந்து திரும்பியது. கணக்குப் பிரிவில் இருந்தவரோ நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்ட பில்லையெல்லாம் கேட்ட வரிசையில் எடுத்துக் கொடுத்து, 'சார், எது வேணும்னாலும் கேளுங்க, எனக்கும் இது முடிஞ்சா நிம்மதி' என்றார். நான் மூன்று நாள் ஸ்டோர் கீப்பரைக் குடைந்தேன். நாலாவது நாள் வண்டி வாடகைச் சீட்டுகளை வாசல் காவல் நோட்டோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வராத வண்டிக்கு வாடகை போயிருந்தது, வராத சரக்குக்குப் பில் பாஸ் ஆகியிருந்தது. வராத சரக்கு கிடங்கில் எப்படி இருக்கும்? குறைகிறது என்று தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. எல்லாப் பில்லிலும் அந்தக் கணக்குப் பிரிவுக்காரரின் கையெழுத்து. ஸ்டோர் கீப்பருக்கு இதில் பங்கே கிடையாது. அதிகாரி யார் முன்னால் நின்றாலும் வியர்க்கும் சுபாவம் அவருக்கு. அவ்வளவுதான். அந்த மூன்று நாள் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதற்றம் பயத்தின் அறிகுறி. பயம் நிரபராதிக்கும் வரும், அவருக்குத்தான் கூடுதலாக வரும் என்றுகூடச் சொல்வேன்.

இயந்திரம் கொண்டு பார்த்தாலும் இதே கதைதான். பொய் கண்டறியும் கருவி நாடித் துடிப்பையும் வியர்வையையும் மூச்சையும் அளக்கிறது, பொய்யை அளப்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது தனியார் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 1988லேயே சட்டம் போட்டுப் பெரும்பாலும் தடுத்துவிட்டார்கள். விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்தே ஆபத்தான ஆளைப் பிடிக்கிறோம் என்று அங்கே 2007லிருந்து சுமார் 90 கோடி டாலர் செலவழித்தார்கள். அரசின் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2013ல், இது வேலை செய்வதற்கு ஆதாரம் போதாது, பணத்தைக் குறையுங்கள் என்று எழுதியது. கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதெல்லாம் இந்தப் பட்டியலுக்கே வராது, விட்டுவிடலாம்.

'முகத்தைப் பார்த்து அல்ல, உட்கார்ந்து ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசினால் தெரிந்துவிடும்' என்பவர்களும் உண்டு. அவர்களுக்காக 2013ல் வெளிவந்த ஒரு சோதனையைச் சொல்வேன். டானா என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் மாணவர்களை விட்டு மற்ற மாணவர்களைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். பேட்டி எடுத்தவர் எதிரில் இருப்பவரின் மதிப்பெண் எவ்வளவு வரும் என்று கணிக்க வேண்டும். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசியமாக ஒரு கட்டளை. கேள்வியின் கடைசிச் சொற்கள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன என்று பார்த்து, அதன்படி ஆமாம், இல்லை என்று கண்மண் தெரியாமல் பதில் சொல்ல வேண்டும். பேட்டி எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. அர்த்தமே இல்லாத அந்தப் பதில்களை வைத்தும் 'இவரைப் புரிந்துகொண்டேன்' என்றே எழுதினார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும். பேட்டி எடுத்ததால் கணிப்பு கெட்டுப்போனது. பேச்சில் எதைப் போட்டாலும் அதிலிருந்து ஒரு மனிதரைக் கட்டி எழுப்பும் திறமை நமக்கு இருக்கிறது. கட்டியது எதிரில் இருப்பவர்தானா என்பதுதான் கேள்வி.

அப்படியென்றால் பொய்கள் எப்படித்தான் வெளியே வருகின்றன? 2002ல் பார்க், லெவின் முதலியவர்கள் மக்களிடம், நீங்கள் சமீபத்தில் ஒரு பொய்யை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். பேசும்போது முகத்தைப் பார்த்துப் பிடித்தவர்கள் மிகச் சொற்பம். வேறொருவர் சொன்னது, கையில் கிடைத்த ஏதோ ஒரு தடயம், பொய் சொன்னவரே ஒப்புக்கொண்டது, இவற்றால்தான் தெரிய வந்தது, அதுவும் பெரும்பாலும் நாள் கடந்து. என் வேலையில் நான் பார்த்ததும் அச்சு அசல் இதுவே. பெரிய கையாடல்களில் பாதியளவுக்கு யாரோ ஒருவர் வந்து சொல்லித்தான் தெரிகிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அவருடைய முகத்துக்கு வெளியே இருக்கிறது.

இனி கொஞ்சம் சிக்கலான இடம். 'உண்மையான குணம்' என்ற ஒன்று உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது, முகமூடியைக் கழற்றினால் தெரியும் என்ற எண்ணமே எனக்கு வர வரச் சந்தேகமாக இருக்கிறது. 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு பேர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் திருடவும் விதவிதமான சந்தர்ப்பம் கொடுத்துச் சோதித்தார்கள். தேர்வில் காப்பி அடித்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. காசை எடுத்த பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடியவில்லை. 1973ல் டார்லியும் பாட்சனும் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்த சோதனை இன்னும் பிரபலம். அவர்கள் போகும் வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதம் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். படித்ததும் ஒன்று, நம்பியதும் ஒன்று. இடையில் நுழைந்தது ஒரு கடிகாரம்.

இதைக் கேட்டுவிட்டு, குணம் என்றே ஒன்று கிடையாது, எல்லாம் சூழ்நிலை என்று முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள். அதுவும் சரியில்லை. ஒரு நாள் நடந்ததை வைத்து இன்னொரு நாளைச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் பல நாள் நடந்தவற்றைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒருவருக்கென்று ஒரு போக்கு நன்றாகவே தெரிகிறது என்று எப்ஸ்டைன் என்ற உளவியலாளர் 1979ல் காட்டினார். தணிக்கைக்காரனுக்கு இது புதிதல்ல. ஒரு வவுச்சரைப் பார்த்து எதுவும் சொல்லமாட்டேன். இருநூறு வவுச்சரைக் கொடுங்கள், சொல்கிறேன். குணம் என்பது உள்ளே புதைந்த ரத்தினமோ விஷமோ அல்ல. ஒரே மாதிரியான சூழலில் ஒருவர் திரும்பத் திரும்ப என்ன செய்கிறார் என்ற பதிவு. பதிவு நீளமாகவும், உங்கள் விஷயத்தோடு ஒட்டியதாகவும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் உயிரைக் கொடுத்து உதவிய நண்பர் கடன் கணக்கில் எப்படி இருப்பார் என்பதை அந்த உதவி சொல்லாது.

இதை எனக்கு மனதில் பதிய வைத்தவர் ஒரு கேஷியர். ஒரே இடத்தில் பதினேழு வருடம். அலுவலகப் பேனாவை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார். பிள்ளையின் பள்ளிப் படிவத்தை நகல் எடுத்தால் காசு போட்டுவிட்டுத்தான் எடுப்பார். லீவே போடமாட்டார், அதையும் எல்லாரும் பெருமையாகத்தான் சொன்னார்கள். ஒரு நாள் காய்ச்சலில் விழுந்து பத்து நாள் வர முடியாமல் போனது. அவர் இடத்தில் உட்கார்ந்த இளைஞனுக்குப் பேங்க் ஸ்டேட்மெண்டும் கேஷ் புத்தகமும் ஒத்துப்போகவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இன்று வந்த பணத்தை எடுத்துக்கொண்டு, நாளை வருவதை வைத்து இன்றையதை அடைப்பது. நாளையதை அடைக்க அதற்கு மறுநாள். நாலு வருடமாக ஓடியிருக்கிறது. ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்தாலும் சங்கிலி அறுந்துவிடும், அதனால்தான் லீவு கிடையாது.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது மறுக்கவே இல்லை. மேஜையின் கடைசி டிராயரிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எடுத்த ஒவ்வொரு தொகையும், தேதியும், எதற்காக என்பதும் அதில் இருந்தது. அப்பாவின் ஆபரேஷன். மறுபடி அப்பா. வட்டி. பாப்பா ஃபீஸ். வலது பக்கம் 'திருப்பியது' என்று ஒரு பத்தி, அதில் ஆரம்பத்தில் ஆறேழு வரி, அப்புறம் காலி. 'கடனாத்தான் சார் எடுத்தேன், ஒரு பைசா விடாம எழுதி வச்சிருக்கேன்' என்றார். நான் போட்ட கணக்கும் அவருடைய நோட்டும் பைசா மாறாமல் ஒத்துப்போயின. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நேர்மையான திருட்டுக் கணக்கு அது.

கிரெஸ்ஸி என்ற சமூகவியலாளர் சிறைகளில் இருந்த கையாடல்காரர்களைச் சந்தித்துப் பேசி 1953ல் எழுதியதில் சொன்னதும் இதேதான். வெளியே சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம், யாரும் பார்க்காமல் எடுக்க ஒரு வழி, 'நான் திருடவில்லை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு வாசகம். மூன்றும் ஒரே நேரத்தில் கூடும்போது நம்பிக்கைக்குரியவர் நம்பிக்கைத் துரோகி ஆகிறார். அந்தக் கேஷியர் பதினேழு வருடமும் நடித்தார் என்று சொல்ல என்னால் முடியாது. முதல் பதிமூன்று வருடம் அவர் நிஜமாகவே யோக்கியர். உங்களை ஏமாற்றிய இருவரையும் நீங்கள் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்வதாகத் தெரிகிறது. தொடக்கத்தில் கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லாமலே இருந்திருக்கலாம்.

திட்டமிட்டே வருகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, சேதத்தில் அதிகம். 2010ல் அமெரிக்காவில் ஆயிரம் பேரிடம் கடந்த ஒரு நாளில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஒன்றுமே இல்லை என்றார்கள். சொல்லப்பட்ட பொய்களில் பாதி, வெறும் 5 சதவீதம் பேரிடமிருந்து. அவரவர் சொன்னதுதானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் பொய் எல்லாரிடமும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை என்பது வேறு ஆய்வுகளிலும் தெரிகிறது. சூடு கண்ட பூனை மாதிரி இனி எல்லாரையும் சந்தேகிப்பது என்று ஆரம்பித்தால், அந்த 5 பேருக்காக 95 பேரை இழப்பீர்கள். கணக்குப்படி பார்த்தாலும் அது நஷ்ட வியாபாரம்.

சரி, எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அவருக்கே நஷ்டமான ஒரு சந்தர்ப்பம். வாக்கு சுலபமாக இருக்கும்போது எல்லாரும் காப்பாற்றுவார்கள், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அடுத்தது, கெட்ட செய்தியை அவர் எப்போது சொல்கிறார் என்பது. வேலை தாமதமாகும் என்று தெரிந்த அன்றே போன் வருகிறதா, நீங்கள் மூன்று முறை கேட்ட பிறகு வருகிறதா? எனக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் கிடைக்கவில்லை. துரோகங்களில் பெரும்பகுதி பொய்யில் தொடங்குவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டதில் தொடங்குகிறது. பிறகு, அவருக்குச் சாதகமாக நடந்த தவறை அவரே எடுத்துச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். தனக்குக் குறைவாக வந்ததை எல்லாரும் சொல்வார்கள், கூடுதலாக வந்ததை?

இன்னொன்றும் உண்டு. சின்ன விஷயத்தில் 'வேண்டாம்', 'முடியாது' என்று சொல்லிப் பாருங்கள். சோதனைக்காக அல்ல, உங்களுக்கு நிஜமாகவே முடியாதபோது. சிலர் 'சரி, பார்த்துக்கலாம்' என்று போவார்கள். சிலர் குழைவார்கள், அப்புறம் கோபிப்பார்கள், அப்புறம் நீங்கள் நன்றி கெட்டவர் என்பதுபோல ஒரு வார்த்தை விழும். 'முடியாது' என்ற சொல்லைத் தாங்காதவரோடு பணத்தைக் கலக்க நான் யோசிப்பேன். அவசரப்படுத்துகிறவரோடும் அப்படியே. நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும், யாரிடமும் கேட்காதே என்ற இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து வந்தால் மேற்கொண்டு ஆராயவே வேண்டாம்.

தனக்குக் கீழே இருப்பவரை எப்படி நடத்துகிறார் என்று பார், குணம் தெரியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். கடுகடுவென்று விழும், ஆனால் கணக்கில் ஒரு மயிரிழை பிசகாத மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். காவலாளியின் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே கம்பெனியைச் சுரண்டியவரையும் பார்த்திருக்கிறேன். கொடுமைக்காரரைத் தவிர்க்க அந்த அளவுகோல் உதவும். இனிமையும் நேர்மையும் ஒன்று என்று நினைத்தால் காலை வாரிவிடும். நேர்மையும் திறமையும்கூட ஒன்றல்ல. 1995ல் மேயர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் நம்பிக்கையைத் திறமை, நல்லெண்ணம், நேர்மை என்று மூன்றாகப் பிரித்தார்கள். எனக்கு அது தினமும் பயன்படுகிறது. உங்கள் முதல் அனுபவத்தை நீங்கள் விவரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்த நண்பர் ஏமாற்றுக்காரர் அல்ல, எதையும் மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டு, முடியாமல் போய், முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒதுங்கியவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூரத்திலிருந்து படித்துச் சொல்கிறேன், தப்பாக இருக்கலாம். பணம் போனது போனதுதான், ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு.

நாலு பேரிடம் விசாரிப்பது நல்லதுதான், ஆனால் விசாரிக்கும் விதம் தெரிய வேண்டும். 'ஆள் எப்படி?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்றுதான் பதில் வரும். 'அவரோடு மறுபடியும் பணம் போட்டுத் தொழில் செய்வீர்களா?' என்று கேளுங்கள். 'கடைசியாக உங்களுக்குள் என்ன விஷயத்தில் ஒத்துவராமல் போனது, எப்படித் தீர்ந்தது?' என்று கேளுங்கள். சொல்கிறவரிடம், இது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா, யாராவது சொன்னார்களா என்றும் கேட்க வேண்டும். இதைத்தான் மேடாஃப் விஷயத்தில் கேட்கத் தவறினார்கள். பெர்னார்ட் மேடாஃப் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர், முதலீடு என்ற பெயரில் பெரிய மோசடி நடத்தியவர். 2008 டிசம்பரில் கைதானபோது, முதலீட்டாளர்களுக்குக் காகிதத்தில் காட்டியிருந்த தொகை சுமார் 6,500 கோடி டாலர். பணம் போட்டவர்களில் முட்டாள்கள் குறைவு. வங்கிகளும் அறக்கட்டளைகளும் இருந்தன. அவர் போட்டிருக்கிறார், அதனால் நான் போட்டேன் என்ற சங்கிலியில் கடைசிவரை போனால், நேரில் சரிபார்த்தவர் என்று யாருமே இல்லை. ஹாரி மார்கோபொலோஸ் என்பவர் மேடாஃபின் முகத்தைப் பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தார். இப்படி ஏற்ற இறக்கமே இல்லாத லாபம் கணக்குப்படி சாத்தியமில்லை என்று 2000லிருந்தே அங்குள்ள பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய தொகைக்குத் தணிக்கை செய்தது ஓர் அறைக்குள் அடங்கிய ஒரு சின்ன நிறுவனம். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அந்தத் தகவலைப் படித்தாலே நெளிவோம்.

உள்ளுணர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஏதோ இடிக்கிறது என்று தோன்றினால் போய்ச் சரிபாருங்கள், அதற்கு அது போதும். தீர்ப்பு எழுத அது போதாது. 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று உள்ளே சொல்லும் குரலைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன், ஏனென்றால் அது பெரும்பாலும் நம் தேவையின் குரல். கடன் நெருக்கும்போதும், தனிமையில் இருக்கும்போதும், பாராட்டுக்கு ஏங்கும்போதும் நாம் நம்புகிற ஆட்களைத் தனியாக ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

பொறி வைத்துப் பார்க்கலாமா, மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள். அந்த ஒரு சந்தர்ப்பம் அந்த ஒரு சந்தர்ப்பத்தைத் தவிர வேறெதையும் சொல்லாது, தெரிய வந்தால் உறவு போகும். அதற்குப் பதில் படிப்படியாக ஒப்படைப்பது நல்லது. சின்னது ஒன்று, போனாலும் தாங்கக்கூடியது. அது சரியாக நடந்தால் அடுத்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சந்தேகப்படச் சொல்லும் பழமொழியாக எனக்குத் தோன்றவில்லை. அளந்திருந்தால்தானே ஆறு எவ்வளவு கொண்டுபோனது என்றாவது தெரியும்.

கடைசியாக ஏற்பாடுகள். ஆளைக் கணிப்பதில் நாங்கள் தோற்றுப்போனதால்தான் தணிக்கைத் துறையே ஏற்பாடுகளை நம்புகிறது. செக்குக்கு இரண்டு கையெழுத்து, பணம் வாங்குகிறவர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் வேறொருவர், வருடத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் கட்டாய லீவு. அந்தக் கேஷியருக்கு இந்தக் கடைசி விதி மட்டும் இருந்திருந்தால் முதல் வருடத்திலேயே தெரிந்திருக்கும். அல்லது தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவர் முதல் தொகையை எடுக்காமல், மேலாளரிடம் போய் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பார். பூட்டு திருடனுக்காக என்று நினைக்கிறோம். நல்லவருக்குச் சபலம் வரும் ஒரு ராத்திரிக்காகவும்தான் அது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவரா என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஆறு மாதத்தில் முடியும் ஒரு சின்ன வேலையை மட்டும் சேர்ந்து செய்யுங்கள். தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும், இருவர் போனுக்கும் தகவல் வரும். யார் எவ்வளவு போடுகிறார்கள், நஷ்டம் வந்தால் யார் தலையில் எவ்வளவு, பிரிவதென்றால் எப்படிப் பிரிவது, இவற்றை ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். இதைக் கேட்டு அவர் முகம் சுளித்தால் மட்டும் அவரைக் கெட்டவர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். எழுத்து கேட்டால் அவமானம் என்று நிஜமாகவே நினைக்கும் நல்லவர்கள் உண்டு. இரண்டு நாள் கழித்து மறுபடி பேசும்போது என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அவருக்கு முன்பு ஒரு கூட்டாளி இருந்து பிரிந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அவருடைய எண்ணை இவரிடமே கேளுங்கள். கொடுக்கிறாரா, கொடுத்தால் பழையவர் என்ன சொல்கிறார், இருவர் கதையும் எந்த இடத்தில் பிரிகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால் அந்த இரண்டு கதையையும் இங்கே போடுங்கள், எந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.